நான்கு கம்பிகளுக்கு மதிப்பெண் இல்லையா?

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. இரவு பத்து மணி இருக்கும். அக்காள் மகள் கைப்பேசியில் அழைத்தாள். போலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா, இறுதியாண்டு. அழுது முடித்துவிட்டுத்தான் பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"மாமா, மேசையில வச்சி பார்த்தப்ப நல்லா ஓடுச்சு. அப்பா தோட்டத்துல மாட்டுனா ஒன்னுமே வரல. அடுத்த வெள்ளி பிரசென்டேஷன்."

"என்னம்மா வரல? செயலி வரலையா, அளவு வரலையா?"

"எதுவுமே வரல மாமா. கோட் எல்லாம் சரியாத்தான் இருக்கு. நாலு தடவ பார்த்துட்டேன்."

மறுநாள் காலையில் பினாங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்குக் காரை எடுத்தேன். அத்தான் வேலை முடிந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் மிளகாய் பயிரிடுகிறார். பொலித்தீன் பைகளில் செடி, ஒவ்வொரு பைக்கும் சிறு குழாய் வழியாக உரநீர். மலாயில் ஃபெர்டிகாசி என்போமே, அதுதான். தோட்டத்தின் நான்கு இடங்களில் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் அளந்து, கொட்டகையில் ஒரு சிறு திரையிலும் அப்பாவின் கைப்பேசியிலும் காட்டுவதுதான் மகளின் புராஜெக்ட். நல்ல யோசனை. வெறும் மதிப்பெண்ணுக்காகச் செய்தது அல்ல, வீட்டுக்கே பயன்படும்.

கைப்பேசிச் செயலியை முதலில் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. பச்சை நிறத்தில் மிளகாய்ச் சின்னம், வரைபடம், எச்சரிக்கை மணி. அதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனதாம். பிறகு கொட்டகைக்குப் போனோம். திரையில் எழுத்தே இல்லை, ஒரு வரிசை கட்டங்கள் மட்டும்.

"இந்தத் திரை எப்ப வாங்குனது?"

"பழசு கீழ விழுந்துருச்சு மாமா. இது புதுசு. அதே மாடல்தான்."

திரையைத் திருப்பினேன். பின்னால் கறுப்புப் பலகை ஒன்று ஒட்டியிருந்தது. அதில் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லு. "இது என்ன?" என்று கேட்டேன். "தெரியல மாமா, அதோட சேர்ந்தே வரும்" என்றாள்.

இந்தக் கட்டுரை எழுத என்னைத் தூண்டியது அந்தப் பதில்தான். அவளைக் குறை சொல்ல எழுதவில்லை. அவளுக்கு மூன்றாண்டுகளாக யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான் பாயான் லெப்பாஸில் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். அவ்வப்போது பள்ளிகளின் புத்தாக்கப் போட்டிகளுக்கு நடுவராகவும் போவதுண்டு. நான் பார்த்தவரை, நம் மாணவர்களின் படைப்புகளில் இரண்டு முனைகள் நன்றாக இருக்கின்றன. ஒரு முனையில் சென்சார், மறுமுனையில் செயலி. நடுவில் போகும் நான்கு கம்பிகளைப் பற்றிக் கேட்டால் மௌனம்.

சென்சார் என்கிற உணரி தானாகப் பேசாது. வெப்பம் கூடினால் அதற்குள் ஏதோ ஒரு மின்னழுத்தமோ மின்தடையோ துளியளவு மாறும், அவ்வளவுதான். அந்த மாற்றத்தை எண்ணாக்கி, மைக்ரோகன்ட்ரோலருக்குப் புரியும் மொழியில், புரியும் வேகத்தில், தாங்கும் வோல்ட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க நடுவில் ஒருவர் வேண்டும். அவர்தான் இடைமுகச் சில்லு. சில சென்சார்களில் அது உள்ளேயே இருக்கும். சிலவற்றில் பக்கத்தில் தனியாக ஒட்டியிருக்கும். அந்தத் திரையின் முதுகில் இருந்ததும் அப்படி ஒன்றுதான். அதன் பெயர் பிசிஎஃப்8574. திரைக்கு நேரடியாகக் கம்பி இழுத்தால் ஆறேழு கம்பிகள் வேண்டும். இந்தச் சில்லு நடுவில் நின்றால் மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு என நான்கே போதும். தகவல் போகும் அந்த இரண்டு கம்பிகளின் ஏற்பாட்டுக்கு ஐ2சி என்று பெயர்.

இந்த ஐ2சியை 1982இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கியது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் சில்லுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத்தான் முதலில் செய்தார்கள். இன்று அது இல்லாத வீடு இல்லை. உங்கள் பள்ளியில் இருக்கும் மைக்ரோபிட் பலகையில் அசைவை உணரும் சில்லு பேசுவது ஐ2சி வழியாகத்தான். மடிக்கணினியின் பேட்டரி இன்னும் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று சொல்வதும் அதிலிருந்து பிறந்த இன்னொரு முறையில்தான். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் திரை தன் அளவைக் கணினிக்குச் சொல்கிறதே, அதற்கும் அந்தக் கேபிளுக்குள் இதே இரண்டு கம்பிகள் ஓடுகின்றன.

ஒரே ஜோடிக் கம்பியில் பல சில்லுகள் தொங்கும்போது யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டும் அல்லவா? ஒரு தாமானில் வீட்டு எண் போல ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் எண் உண்டு. ஏழு பிட் எண். மொத்தம் 128. அதில் 16 வேறு காரியங்களுக்கு ஒதுக்கப்பட்டவை, மீதி 112 வீடுகள். கூப்பிட்ட எண் தன்னுடையது என்றால், எட்டு பிட்டுகள் முடிந்து ஒன்பதாவது துடிப்பில் அந்தச் சில்லு கம்பியைக் கீழே இழுத்து 'இருக்கிறேன்' என்று காட்டும்.

மகள் இணையத்தில் எடுத்த நிரலில் திரையின் எண் 27 என்று இருந்தது. இது ஹெக்ஸ் எண், பதினாறை அடியாகக் கொண்டது. முதல் திரைக்கு அது சரி. புதுத் திரையின் சில்லைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். எண்ணுக்குப் பின்னால் 'ஏ' என்று ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. அந்த ஓர் எழுத்துதான் வித்தியாசம். 'ஏ' இல்லாத சில்லுக்கு 20 முதல் 27 வரை எண்கள். 'ஏ' உள்ளதற்கு 38 முதல் 3எஃப் வரை. அவள் 27ஆம் வீட்டுக் கதவை நான்கு நாள் தட்டிக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் குடியில்லை.

112 கதவுகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் சிறு நிரல் ஒன்று இருக்கிறது. அதை ஓடவிட்டோம். 3எஃப் என்று பதில் வந்தது. நிரலில் ஓர் எண்ணை மாற்றினாள். எழுத்து வந்துவிட்டது. "இவ்ளோதானா மாமா?" என்றாள், கோபமும் சிரிப்புமாக.

அவ்வளவுதான் இல்லை. சென்சார்களின் கதை இன்னும் சிக்கல்.

நான்கு பிஎம்இ280 வாங்கியிருந்தாள். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் ஒரே சில்லு அளக்கும். மேசையில் ஒன்றை மட்டும் சோதித்திருக்கிறாள். சரியாக வேலை செய்தது. மற்ற மூன்றும் அதே மாதிரிதானே என்று நான்கையும் ஒரே ஜோடிக் கம்பியில் கட்டிவிட்டாள். ஆனால் இந்தச் சில்லுக்கு 76, 77 என இரண்டே எண்கள்தான். நான்கு பேருக்கு இரண்டு வீட்டு எண்! கூப்பிட்டால் ஒரே நேரத்தில் பலர் பதில் சொல்வார்கள். கேட்பவருக்கு என்ன புரியும்?

ஒவ்வொன்றாகக் கழற்றித் தனியாகப் பார்த்தோம். மூன்று சரியாக இருந்தன. நான்காவது மட்டும் பிடிவாதமாக ஈரப்பதத்தைச் சொல்ல மறுத்தது. இந்தச் சில்லுக்குள் டி0 என்று ஓர் இடம் உண்டு. அங்கே அதன் அடையாள எண் இருக்கும். பிஎம்இ280 என்றால் 60. கேட்டுப் பார்க்கச் சொன்னேன். 58 என்று வந்தது. அது பிஎம்பி280. வெப்பமும் காற்றழுத்தமும் அளக்கும், ஈரப்பதம் அளக்கவே தெரியாது. பெயரில் ஓர் எழுத்து, விலையில் சில ரிங்கிட். தவறான பொருள் வந்துவிட்டது, கண்ணால் பார்த்தால் லேசில் தெரியாது.

"அதுவே சொல்லுது மாமா, நான் அது இல்லன்னு." அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று வாரம் செயலி வரைந்தபோது வராத மகிழ்ச்சி அது.

கடைசியாகக் கம்பியின் நீளம். மேசையில் ஒரு சாண் கம்பி. தோட்டத்தில் கொட்டகையிலிருந்து நான்கு இடங்களுக்கும் லேன் கேபிள் இழுத்திருந்தாள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து மீட்டர். இங்கேதான் பெரும்பாலான மாணவர்கள் சிக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஐ2சி கம்பியை எந்தச் சில்லும் மேலே தள்ளாது. கீழே இழுக்க மட்டுமே தெரியும். பிறகு மேலே தூக்குவது யார்? ஒரு மின்தடை. அதை ஒரு ஸ்பிரிங் என்று நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் கயிற்றைக் கீழே இழுக்கலாம், விட்டதும் ஸ்பிரிங் மேலே தூக்கிவிடும். யாரும் யாரோடும் மோதமாட்டார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் கயிறு நீளமானால் எடை கூடும். ஈரத்துணி காயப்போட்ட கொடி மாதிரி தொய்ந்துவிடும். ஸ்பிரிங் தூக்கி முடிப்பதற்குள் அடுத்த இழுப்பு வந்துவிடும். சாதாரண வேகத்திலேயே நொடிக்கு 100,000 துடிப்பு. ஒரு துடிப்புக்குப் பத்து மைக்ரோநொடிதான் நேரம்.

கம்பியின் அந்த 'எடை'க்கு மின்தேக்கம் என்று பெயர். ஐ2சி தாங்கும் உச்ச அளவு 400 பிக்கோஃபாரட். லேன் கேபிளின் ஒரு ஜோடிக்கு மீட்டருக்குச் சுமார் 50 பிக்கோஃபாரட். நான்கு கேபிள், பத்து பத்து மீட்டர், மொத்தம் நாற்பது மீட்டர். 40 பெருக்கல் 50. தமிழ்ப்பள்ளி மூன்றாம் ஆண்டுப் பிள்ளை போடும் கணக்கு. 2,000 வருகிறது. 400 தாங்கும் இடத்தில் 2,000. நாலு தடவை நிரலைத் திருத்தினால் இது சரியாகுமா?

ஐ2சி என்ற பெயரே 'சில்லுகளுக்கு இடையே' என்ற பொருளில் வைத்தது. ஒரு பெட்டிக்குள், ஒரு பலகைக்குள் பேசுவதற்கு. தோட்டத்தைத் தாண்டிக் கத்துவதற்கு அல்ல.

தூரத்துக்கு வேறு சில்லு இருக்கிறது. ஆர்எஸ்-485 என்பது 1983இல் வந்த தரம். இதிலும் இரண்டு கம்பிதான், ஆனால் குணம் வேறு. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கேட்பவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பார். ஒரே படகில் நிற்கும் இருவரில் யார் உயரம் என்று பார்ப்பது போல. அலை வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஏறி இறங்குவார்கள், உயர வித்தியாசம் மாறாது. தண்ணீர் மோட்டார் ஓடும்போது வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறும், வித்தியாசத்தைக் கெடுக்காது. வேகம் குறைவாக இருந்தால் 1,200 மீட்டர் வரை போகும். அதற்கான சில்லு ஒட்டிய சிறு பலகை சில ரிங்கிட்டுக்கே கிடைக்கிறது.

ஆகவே இப்படி முடிவு செய்தோம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சின்ன ஆர்டுயினோ நானோ, அதன் அருகிலேயே ஒரு சாண் கம்பியில் சென்சார். அங்கிருந்து மேக்ஸ்485 சில்லு வழியாகக் கொட்டகைக்கு. கொட்டகையில் இருக்கும் ஈஎஸ்பி32 பலகை 3.3 வோல்ட்டில் ஓடுவது, 5 வோல்ட் கொடுத்தால் தாங்காது. அதனால் அந்தப் பக்கம் மட்டும் 3.3 வோல்ட்டுக்கான மேக்ஸ்3485. வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர் மாதிரி கொட்டகை ஒவ்வொருவராகக் கூப்பிடும்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கூப்பிட்டவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சென்சாரும் தன் சின்ன வீட்டில் தனியாக இருப்பதால் 76, 77 சண்டையும் தீர்ந்தது. தொழிற்சாலைகளில் இன்றும் ஓடும் மோட்பஸ் என்ற முறையும் இப்படிக் கூப்பிட்டுப் பதில் வாங்குவதுதான். அது 1979இல் பிறந்தது.

ஒவ்வோர் இடத்திலும் வைஃபை பலகை ஒன்று வைத்தால் கம்பியே வேண்டாமே என்று சிலர் கேட்பீர்கள். மின்சாரம் எப்படிப் போகும்? அதற்குக் கம்பி இழுத்துத்தான் ஆக வேண்டும். இழுத்த கேபிளிலேயே இன்னும் இரண்டு கம்பிகள் சும்மாதான் கிடக்கின்றன.

நானும் பெரிய யோக்கியன் இல்லை. 1999இல் நான் படித்தபோது கணினியின் பின்னால் ஒன்பது முள் சீரியல் துளை இருக்கும். அதிலிருந்து கம்பி எடுத்து நேராக என் 89சி51 மைக்ரோகன்ட்ரோலரில் செருகினேன். இரண்டும் 'சீரியல்' தானே என்ற தைரியம். கணினிப் பக்கம் 'ஒன்று' என்பதற்கு மைனஸ் 12 வோல்ட் வரும். என் சில்லு தெரிந்து வைத்திருந்தது பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் நடுவில் உள்ள உலகத்தை மட்டும். ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு போயிற்று. நடுவில் மேக்ஸ்232 என்ற சில்லு வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. 1987இல் வந்த சில்லு அது. வெறும் 5 வோல்ட்டை வைத்துக்கொண்டு நான்கு மின்தேக்கிகளின் துணையோடு தானே பிளஸ் பத்து, மைனஸ் பத்து அளவுக்கு வோல்ட் உண்டாக்கிக்கொள்ளும். அதன் டேட்டா ஷீட்தான் நான் முதன்முதலில் முழுமூச்சாகப் படித்தது. பணம் போன பிறகு வந்த ஞானம்.

எங்கள் காலத்துக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எங்களுக்கு அந்தச் சில்லைத் தனியாக வாங்கி, காலைக் காலைப் பார்த்துப் பற்றவைக்க வேண்டியிருந்தது. தப்புச் செய்தாலும் அங்கே ஒரு சில்லு இருக்கிறது என்று தெரியும். இன்று எல்லாம் ஒட்டியே வருகிறது. நிரலும் தயார். நான்கு கம்பிகளைச் செருகினால் போதும். இது கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். மூன்றாம் படிவத்தில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்துக்கு ஒரு மாணவர் விளக்கை எரியவிட்டு, விசிறியைச் சுற்றவிட்டு மகிழ இந்தப் பலகைகள் பெரிய கொடை. அந்த வயதில் மின்தேக்கம், மின்தடை என்று பிடித்து உட்காரவைத்தால் ஓடிவிடுவார்கள்.

ஆனால் டிப்ளோமா, பட்டப்படிப்பு நிலையிலும் அதே விளையாட்டுதான் என்றால் என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே மதிப்பெண் கொடுக்கும் தாள்களில் நான் பார்த்தவை: புத்தாக்கம், சந்தைப்படுத்தும் வாய்ப்பு, செயலியின் தோற்றம், பேச்சுத் திறன், பதாகை. பதாகைக்குக்கூட மதிப்பெண் உண்டு. சென்சார் எந்த முறையில் பேசுகிறது, எத்தனை வோல்ட், கம்பி எவ்வளவு நீளம் போகலாம் என்பதற்கு ஒரு வரி இல்லை. மாணவர்கள் புத்திசாலிகள். மதிப்பெண் இருக்கும் இடத்தில் உழைப்பார்கள். அப்புறம் அவர்களைக் குறை சொல்வதில் என்ன நியாயம்?

விரிவுரையாளராக இருக்கும் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். "ஒரு வகுப்புல முப்பது பேரு, பதினாலு வாரம். நான் ஒவ்வொருத்தர் கம்பியையும் புடிச்சி பார்க்க முடியுமா?" என்றார். அவர் கஷ்டம் புரிகிறது. அதற்காக நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அறிக்கையில் ஒரே ஒரு பக்கம். ஒவ்வொரு சென்சாருக்கும் எந்த இடைமுகம், எத்தனை வோல்ட், என்ன எண், எவ்வளவு கம்பி, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய். அதற்குப் பத்து மதிப்பெண். படைப்பைக் காட்டும் நாளில் ஒரு கம்பியைத் தொட்டு, "இதைப் பிடுங்கினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். முதலில் சொல்லட்டும், பிறகு பிடுங்குங்கள். இரண்டு நிமிட வேலை. நிரலை யார் எழுதினார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

நிரலை யார் எழுதினார்கள் என்றதும் செயற்கை நுண்ணறிவு ஞாபகத்துக்கு வருகிறது. மகளும் அதனிடம்தான் உதவி கேட்டிருக்கிறாள். நிரலைச் சுத்தமாக எழுதிக் கொடுத்தது, திரையின் எண் 27 என்று. வரவில்லை என்றதும் வேறொரு நூலகத்தைப் போடச் சொன்னது. அதற்குப் பின் இன்னொன்று. அது பொய் சொல்லவில்லை. அவள் கையில் இருந்த பலகையில் 'ஏ' என்ற எழுத்து இருப்பதை அது பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்த்துச் சொல்ல அவளுக்கும் தெரியவில்லை. கேட்கத் தெரிந்தவருக்கு அந்தக் கருவி நல்ல துணை. "என் சில்லில் இந்த எழுத்து இருக்கிறது, கம்பி பத்து மீட்டர், சரியா?" என்று கேட்டிருந்தால் அதுவே 400 பிக்கோஃபாரட் கதையைச் சொல்லியிருக்கும்.

டேட்டா ஷீட்டைக் கண்டு பயப்படும் மாணவர்களுக்கு, குறிப்பாகத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து ஆங்கிலத்தில் கொஞ்சம் தடுமாறுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நானும் அப்படி வந்தவன்தான். பிஎம்இ280இன் தரவுத்தாள் ஐம்பது பக்கத்துக்கு மேல். அதை நாவல் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படித்தால் யாருக்கும் தூக்கம்தான் வரும். நான்கு இடங்களைத் தேடுங்கள். தாங்கும் உச்ச வோல்ட் எவ்வளவு என்ற அட்டவணை, கால்களின் படம், முகவரி எங்கே எழுதியிருக்கிறது, எடுத்துக்காட்டுச் சுற்று. நான்கும் பெரும்பாலும் எண்களும் படங்களும்தான். அதில் உள்ள ஆங்கிலம் எஸ்.பி.எம். கட்டுரைத் தாளைவிடச் சுலபம். ஒரே மாதிரி வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். பத்து தரவுத்தாள் பார்த்தால் பழகிவிடும்.

வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பெற்றோர் கேட்கலாம். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது. அதன் தொடக்க காலத்தில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்' என்பார்கள். நம் அம்மாக்களும் அத்தைகளும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சில்லுகளில் தங்கக் கம்பி இணைத்த காலம் அது. இன்று உலகில் சில்லுகளைப் பொருத்தி, சோதித்து, பொதியிடும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. 2024 மே மாதம் அரசாங்கம் அறிவித்த தேசியப் பகுதி மின்கடத்தி வியூகம் 60,000 பொறியியலாளர்களை உருவாக்க வேண்டும் என்கிறது. அந்த அறுபதாயிரத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கூட்டங்களில் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் சோதனைப் பிரிவில் உட்கார்ந்தால் நாள் முழுக்கச் செய்வது என்ன? ஒரு சில்லோடு இன்னொரு இயந்திரத்தைப் பேசவைப்பது, பேசாதபோது ஏன் என்று கண்டுபிடிப்பது.

வேலைக்கு வரும் இளைஞர்களிடம் நான் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து இரண்டு சில்லுகளை ஐ2சியில் இணைத்து வரையச் சொல்வேன். பலர் இரண்டு கோடு போடுவார்கள். சிலர் இரண்டு மின்தடைகளையும் சேர்த்துப் போடுவார்கள். "இது எதற்கு?" என்றால் "படத்தில் அப்படி இருந்தது" என்பார்கள். சென்ற ஆண்டு ஓர் இளைஞர் மட்டும், "அது இல்லன்னா கம்பி மேல வராது சார். நான் ஒரு தடவ மறந்துட்டு ரெண்டு நாள் தேடுனேன்" என்றார். சான்றிதழில் அவருடைய புள்ளி மற்றவர்களைவிடக் குறைவு. அந்த இரண்டு நாள் எங்களுக்குப் பிடித்தது.

மகளின் கதைக்கு வருகிறேன். ஒரு வாரத்தில் நான்கு இடங்களையும் முடிக்க நேரமில்லை. இரண்டு இடங்களில் மட்டும் மாட்டினாள். "ரெண்டுதான் இருக்குன்னு மார்க் கொறச்சிருவாங்களோ?" என்று பயந்தாள். இருப்பதைச் சொல், ஏன் இரண்டு என்பதையும் சொல் என்றேன். அந்த 2,000 பிக்கோஃபாரட் கணக்கை ஒரு பக்கமாக எழுதி அறிக்கையில் சேர்த்தாள். தேர்வாளர்கள் செயலியைப் பற்றி எட்டு கேள்வி கேட்டார்களாம். கம்பியைப் பற்றி ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில், பக்கத்துத் துறையிலிருந்து வந்த ஒருவர்: "நேராகவே இழுத்திருக்கலாமே, ஏன் இவ்வளவு சுற்று?" அவள் தாளை எடுத்துப் படகுக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துக்கொண்டாராம்.

தேர்ச்சி பெற்றுவிட்டாள். புள்ளி நடுத்தரம்தான். அத்தான் இப்போது மூன்றாவது வரிசைக்கும் ஒன்று வேண்டும் என்று நச்சரிக்கிறார். அடுத்த விடுமுறையில் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். 58 என்று உண்மையைச் சொன்ன அந்தச் சில்லைத் தூக்கிப் போடவில்லை. உரநீர்த் தொட்டிக் கொட்டகையில் ஈரப்பதம் வேண்டாம், வெப்பம் மட்டும் போதும், அதை அங்கே வைக்கலாமா என்று நேற்று கேட்டிருந்தாள்.